நாற்பது ரூபாய்ச் சரக்குக்கு ஐம்பத்தைந்து ரூபாய்த் தபால்: கட்டாய டிராக்கிங்குடன் என் அனுபவம்

பயன்படுத்திய தபால்தலைகளும் பழைய சிவகாசி, கோவில்பட்டி தீப்பெட்டி லேபிள்களும் ஆன்லைனில் விற்கிறேன். ஏலத்தில் லட்சத்துக்குப் போகும் அபூர்வச் சரக்கெல்லாம் என்னிடம் கிடையாது. பறவைகள் பத்து, ரயில் என்ஜின் ஆறு என்று செட் கட்டி, நாற்பது ரூபாய், அறுபது ரூபாய் என்று விலை வைப்பேன். வாங்குகிறவர்களும் பெரும்பாலும் புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற பிறகு பழைய ஆல்பத்தைத் தூசு தட்டி எடுத்தவர்கள்.

இந்த வியாபாரம் ஓடியதே சாதாரணத் தபாலை நம்பித்தான். தபால்தலைகளைப் பட்டர் பேப்பர் உறையில் போட்டு, இரு பக்கமும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி வைத்து ஒட்டினால், வளையாமல் கசங்காமல் போய்ச் சேரும். சமையலறைத் தராசில் 20 கிராமுக்குள் இருக்க வேண்டும். 21 காட்டினால் அட்டையின் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிவிட்டு மறுபடி வைப்பேன். 20 கிராமுக்கு ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாய்க்கும் நல்ல நினைவுத் தலையாக (ஒரு நிகழ்வையோ ஆளையோ நினைவுகூர வெளியிடும் தலை) பார்த்து ஒட்டுவேன். முத்திரை தெளிவாக விழுந்த உறை கிடைத்தால், உள்ளே இருக்கும் செட்டைவிட அதில்தான் சிலருக்கு மகிழ்ச்சி அதிகம்.

நான் விற்கும் தளம் டிராக்கிங் எண்ணைக் கட்டாயமாக்கியதும் இதெல்லாம் மாறியது. எண் இல்லாமல் 'அனுப்பியாயிற்று' என்று குறிக்க முடியாது. குறிக்காவிட்டால் பணம் கைக்கு வராது. வாங்கியவர் 'வரவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால், எண் இல்லாத விற்பனையாளர் பக்கம் பேச்சே எடுபடாது. தளத்துக்காரர்களையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு ஏதாவது ஓர் ஆதாரம் வேண்டும்தானே. ஒரு காலத்தில் யு.சி.பி. என்று ஒன்று இருந்தது. உறையைத் தபாலில் சேர்த்ததற்கு ஒரு சீட்டில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதை 2011இல் நிறுத்திவிட்டார்கள்.

ஆரம்பத்தில் பதிவுத் தபால் கைகொடுத்தது. 20 கிராம் உறைக்கு ஏறத்தாழ 26 ரூபாய். நாற்பது ரூபாய் செட்டுக்கு அதுவே அதிகம்தான்; ஆனாலும் இரண்டு மூன்று செட் சேர்த்து வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பதிவுத் தபால் உறையில் ஒட்டும், 'ஆர்' எழுத்தும் வரிசை எண்ணும் உள்ள சீட்டுக்கும் சேகரிப்பாளர்களிடையே மதிப்பு இருந்தது. 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டுக்குப் புதுக் கட்டணம். 2012க்குப் பிறகு முதல் உயர்வு என்பதால் ஏற்றியதில் வியப்பில்லை. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூர் என்றால் பக்கத்து மாவட்டமோ அசாமோ 47 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 55 ரூபாய் 46 காசு. உரியவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று பதிவு வசதியையும் கேட்டால் மேலும் ஐந்து ரூபாயும் அதற்கான வரியும்.

தனியார் கூரியர் பக்கம் போனால் கணக்கே வேறு. பெரும்பாலான கூரியர்களில் அரைக்கிலோதான் அடிப்படை எடை. என் 15 கிராம் உறையும் ஒரு ஜோடி செருப்பும் அவர்களுக்கு ஒன்று.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 'வரவில்லை' என்ற புகார் வெகுவாகக் குறைந்திருக்கிறது. முன்பு அப்படி ஒரு செய்தி வந்தால் அவர் பொய் சொல்கிறாரா, உறை எங்காவது சிக்கிக்கொண்டதா என்று தெரியாமல், நல்ல பெயருக்காகப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பேன். இப்போது நான் டிராக்கிங் எண்ணைச் சொன்னதுமே பலருடைய உறை கிடைத்துவிடுகிறது. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்கு மினியேச்சர் ஷீட் (ஓரிரு தலைகளை மட்டும் அச்சிட்ட சிறு தாள்), முதல் நாள் உறை (தலை வெளியான நாளின் முத்திரையோடு உள்ள உறை) என்று வாங்குகிறவர்களுக்கு டிராக்கிங் இல்லாமல் அனுப்ப இனி எனக்கே மனம் வராது.

தொலைபேசி அழைப்புகள் குறையும் என்று நினைத்தேன், கூடித்தான் இருக்கின்றன. சாதாரணத் தபாலில் அனுப்பிய காலத்தில் 'பத்து நாள் பொறுங்கள் ஐயா' என்றால் பொறுத்தார்கள். இப்போது வாங்கியவர் மணிக்கொரு தரம் திரையைப் பார்க்கிறார். "சார், நேற்று இரவிலிருந்து கோயம்புத்தூரிலேயே நிற்கிறதே?" என்று கேட்கிறார். அவர் பார்க்கும் அதே திரையைத்தான் நானும் பார்க்கிறேன். எனக்கென்று தனியாக ஒன்றும் தெரியாது என்றால் நம்ப மறுக்கிறார்.

திரையில் வருவதெல்லாம் உண்மை என்றும் சொல்வதற்கில்லை. ஒரு கூரியரில் அனுப்பிய உறைக்கு, மலையடிவார ஊர் ஒன்றில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று பதிவாகியிருந்தது. வாங்கிய அம்மா வீட்டை விட்டு வெளியே போவதே அபூர்வம். "தம்பி, வாசலில்தானே உட்கார்ந்திருந்தேன், யாருமே வரவில்லையே" என்றார். மறுநாளும் அதே பதிவு. கடைசியில் உறை என்னிடமே திரும்பி வந்தது, திரும்பி வந்த கூலியும் என் கணக்கிலேயே ஏறியது. சரக்கின் விலை அறுபது ரூபாய். தளத்தில் முறையிட்டபோது, கூரியரின் பதிவுதான் சாட்சி என்றார்கள்.

இந்த மாற்றத்தால் நான் இழந்தது நாற்பது ரூபாய் வாடிக்கையாளரை. பையனுக்கு ஒரு செட் பட்டாம்பூச்சித் தலை வாங்கிக் கொடுக்கலாம் என்று வருகிறவர், அனுப்பும் செலவைப் பார்த்ததும் அப்படியே போய்விடுகிறார். செலவை விலையிலேயே சேர்த்து 'இலவச டெலிவரி' என்று போட்டுப் பார்த்தேன். நாற்பது ரூபாய் செட் தொண்ணூற்றொன்பது ஆனது. விவரம் தெரிந்தவர்கள் 'இதற்கா இந்த விலை' என்று கேட்டார்கள். விவரம் தெரியாதவர்கள் வாங்கவில்லை. இன்று முதல் செட் வாங்கும் பையன்தான் பத்து வருடம் கழித்து முதல் நாள் உறை கேட்டு வருவான். அவன் வராவிட்டால் என் தொழிலுக்கு மட்டுமல்ல, இந்தப் பொழுதுபோக்குக்கே ஆள் இருக்காது.

தளத்தில் பட்டியலை மாற்ற வேண்டியதாயிற்று. ஒற்றைத் தலைகளையும் சிறு செட்டுகளையும் எடுத்துவிட்டு, இருநூறு தலை கலவைப் பொட்டலம், கருப்பொருள்வாரியான பெரிய தொகுப்பு என்று போட்டிருக்கிறேன். விற்கின்றன. ஆனால் சேகரிப்பாளருக்கு வேண்டியது தன்னிடம் இல்லாத அந்த ஒற்றைத் தலைதான். இருநூறில் நூற்றெண்பது அவரிடம் ஏற்கெனவே இருக்கும். அறிமுகமானவர்களுக்கு மட்டும் சேர்த்து வைக்கும் ஏற்பாடு உண்டு. மாதம் முழுதும் அவ்வப்போது எடுத்துவைக்கச் சொல்வார்கள், பெயர் எழுதிய உறையில் போட்டு வைப்பேன், மாதக் கடைசியில் ஒரே ஸ்பீட் போஸ்ட். ஒரே ஊரில் மூன்று பேர் இருந்தால் ஒருவர் முகவரிக்கே மூவருடையதும் போகும். கூலி மூன்றாகப் பிரியும்போது எவருக்கும் வலிப்பதில்லை.

குறைந்த செலவில் டிராக்கிங் தர முடியாது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கு ஞான் போஸ்ட் வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும்தான், டிராக்கிங்கும் உண்டு. தரை வழியாக மெதுவாகப் போகும், போகட்டுமே. தபால்தலை கேட்பவர் யாருக்கும் மறுநாளே வேண்டும் என்ற அவசரம் இல்லை. அமெரிக்காவில் ஈபே தளம் 20 டாலருக்கு உட்பட்ட தலை, நாணயம், அஞ்சலட்டை போன்றவற்றுக்கென்றே சாதாரண உறையில் பார்கோடு போட்டு அனுப்பும் மலிவு வசதியை வைத்திருக்கிறது. 50 கிராம் உறைக்கு இங்கே அப்படி எதுவும் இல்லை. ஞான் போஸ்ட்டில் புத்தகம், அச்சிட்ட பாடப் பொருள் போன்றவை தவிர வேறு எதையும் போடக் கூடாது.

புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு: தளத்தில் இருநூறு ரூபாய்க்குக் கீழே எதையும் தனியாகப் பட்டியலிடாதீர்கள். அனுப்பும் உறையின் இரு பக்கத்தையும், தராசில் எடை தெரியும்படியும் படம் எடுத்துவையுங்கள். தகராறு வந்தால் டிராக்கிங் எண்ணுக்கு அடுத்தபடி எடுபடுவது அதுதான். ஐந்நூறுக்கு மேல் போனால் பதிவு வசதியையும் சேர்த்துவிடுங்கள். தெரிந்தவர் ஒரே ஒரு தலை கேட்டால், பொறுப்பு யாருடையது என்று முதலிலேயே பேசிக்கொண்டு, நேரடியாகச் சாதாரணத் தபாலிலேயே அனுப்புங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன், நல்ல தலையாகப் பார்த்து ஒட்டி.