விலகல் கடிதம் நீட்டுகிறார்களா? கையெழுத்துப் போடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்திலோ ஆலையிலோ வேலை செய்கிறவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் 11 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன். போன ஆண்டு சில லோரிகளின் எடைக் கணக்கு இடித்தது. அந்த நாள்களில் எந்த ஷிப்டில் யார் இருந்தார்கள் என்றுகூடப் பார்க்காமல் பழியை என்மேல் போட்டார்கள். உள்விசாரணை எதுவும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, ஆபீஸ் மூடும் நேரத்தில் மனிதவள அதிகாரி அழைத்தார். மேசையில் இரண்டு கடிதங்கள். ஒன்று, திருட்டுக் குற்றம் சாட்டி வேலை நீக்கம். மற்றது, சொந்தக் காரணங்களால் நானே விலகுவதாக அவர்களே அடித்து வைத்தது.

“உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், அக்கா. நீங்களாக விலகினால் போலீசுக்குப் போக மாட்டோம். ஒரு மாதச் சம்பளம் தருகிறோம். கம்பெனி வீட்டில் மூன்று மாதம் இருந்துகொள்ளலாம்” என்றார். திங்கட்கிழமை வரை நேரம் கேட்டேன். முடியாது என்றார். மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் நடந்துகொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும். வீட்டுப் பேச்சை எடுத்தே கையெழுத்தை வாங்கிவிட்டார்.

அந்த ஒரு மாதச் சம்பளம் வரவேயில்லை. இரண்டு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் தானாக விலகியவர்களுக்கு உதவித்தொகை கிடையாது என்பதால் அந்தக் கதவும் அடைபட்டது.

அந்தக் கடிதத்துக்கு ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. நிர்வாகம் வேலையை விட்டு நீக்கினால், தக்க காரணம் இருந்தது என்று நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும். விலகல் கடிதத்தைக் காட்டிவிட்டாலோ, மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழுகிறது. இதில் இரக்கம் எங்கே இருக்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை நீக்குமுன் முறையாக விசாரித்திருக்க வேண்டும். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. அப்போதும் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். சாதாரணமாக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதற்குக்கூட, ஒப்பந்தத்தில் வேறு எழுதியிராவிட்டால், ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வார நோட்டீஸ் உண்டு. ஒரு மாதச் சம்பளம் என்று அவர் காட்டிய தாராளம் அதில் பாதிதான்!

மிரட்டி வாங்கிய விலகலும் வேலை நீக்கமாகவே கருதப்படும், நிரூபிக்க முடிந்தால். அன்றிரவே போலீசில் புகார் செய்தேன். நான் விரும்பி விலகவில்லை என்று அதிகாரிக்கு வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். “முடிந்த விஷயம், அக்கா, திங்கள் வர வேண்டாம்” என்று பதில் போட்டார் மனிதர். இன்று என் வழக்குக்கு அந்த ஒரு வரிதான் பெரிய பலம்.

இன்னொரு தந்திரம், இழுத்தடிப்பது. என்னோடு நீக்கப்பட்ட லோரி ஓட்டுநர் ஒருவரிடம், மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள் என்றே சொல்லி வந்தார்கள். 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, மீண்டும் வேலை கேட்டு மனுச் செய்ய நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்தான் கெடு. மேலிடப் பேச்சு அதை நிறுத்தாது. அவருக்குக் கெடு தாண்டிவிட்டது.

சம்பளப் பாக்கி, ஓவர்டைம் என்றால் லேபர் ஆபீஸ். வேலை திரும்ப வேண்டுமென்றால் ஈப்போவில் உள்ள தொழிலுறவுத் துறை அலுவலகம். அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். “கேஸ் போட்டுத் தருகிறேன்” என்று டவுனில் காசு கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். சமரசப் பேச்சு முறிந்தால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். வென்றால், நிரந்தர ஊழியருக்கு 24 மாதம் வரையிலான பின்சம்பளம் (வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம்) கிடைக்கலாம். தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம். என்னுடைய வழக்கு இப்போது அந்த நீதிமன்றத்தில் இருக்கிறது.

அதே ஆலையில் இன்னும் இருவரை “பேச” அழைத்திருப்பதாகக் கேள்வி. அவர்கள் இதைப் படித்தால் என்னைத் தொடர்புகொள்ளட்டும். புகார் நகலும் மனு நகலும் தருகிறேன்.