குச்சிக் கட்டா, மாண்டிசோரி மணியா, ஆணிமணிச்சட்டமா?

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இடமதிப்பு சொல்லித்தர இந்த மூன்றையும் வீட்டில் வைத்துப் பார்த்தாயிற்று. என் ஓட்டு ரப்பர் பேண்ட் போட்ட ஐஸ் குச்சிக் கட்டுக்குத்தான்.

எண்ணுவதற்கும் கூட்டுவதற்கும் எது இருந்தாலும் போதும். கடன் வாங்கிக் கழிக்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. 52-இல் 27 போக எவ்வளவு? மேசையில் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி எடுக்க வேண்டும், இருப்பதோ இரண்டு. ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றியதும் பத்துக் குச்சியும் சரிந்து உதிரியோடு கலக்கின்றன, இப்போது பன்னிரண்டு. அதில் ஏழு போனால் ஐந்து, மிச்சமுள்ள நான்கு கட்டில் இரண்டு போனால் இரண்டு. விடை 25. நோட்டில் 5-ஐ அடித்து 4 என்று எழுதுவது ஏன் என்பதைத் தனியாக விளக்க வேண்டியே இருக்கவில்லை. அந்தக் கட்டைப் பிரித்ததே அவள் கைதானே!

மாண்டிசோரி மணியில் பத்து மணிகளைக் கம்பியில் கோத்து இறுக்கியிருப்பார்கள். பிரிக்க முடியாது, கம்பியைக் கொடுத்துவிட்டுப் பத்து ஒற்றை மணியாகச் சில்லறை மாற்ற வேண்டும். புரிந்த பிள்ளைக்குச் சரி, தடுமாறும் பிள்ளைக்கு அது ஒரு படி கூடுதல். ஆணிமணிச்சட்டம் என்பது நிற்கும் ஆணிகளில் மணிகளைக் கோக்கும் சட்டம். அதில் பத்துகள் ஆணியில் இருக்கும் மணியும் ஒன்றுகள் ஆணியில் இருக்கும் மணியும் ஒரே அளவு, ஒரு மணிக்குள் பத்து இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அது குச்சிக்கு அப்புறம் வரட்டும்.

ஆயிரம் என்று வந்துவிட்டால் மணிதான். ஒற்றை மணி, பத்தின் கம்பி, நூறின் சதுரம், ஆயிரத்தின் கனசதுரம் என்று வளர்வதைப் பிள்ளை கையில் தூக்கியே பார்க்கலாம். குச்சி நூறைத் தாண்டினால் சமாளிப்பது கஷ்டம். விலையிலும் குச்சிதான் மலிவு, தொலைந்தால் கவலையில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது எப்படிப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் பார்த்தது ஒரு பிள்ளையோடு மட்டும்.

வாங்குவதாக இருந்தால் தட்டையான ஐஸ் குச்சியாகவே வாங்குங்கள், உருண்டு ஓடாது. ஈர்க்குச்சி உடையும், முனை குத்தும். ரப்பர் பேண்ட் சீக்கிரம் இற்றுப்போகும், கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டை நீங்கள் போட்டுத் தராதீர்கள். பத்து எண்ணி ரப்பர் பேண்ட் போடுவது பிள்ளையாகவே இருக்கட்டும்.