120 ரூபாய் வடிவியல் பயிற்சி ஏடு: தாளுக்குக் கொடுக்கலாம், மதிப்பீட்டுக்கு?

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் வீட்டு மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் மட்டும் 14 பேர். போன மாதம் ராமநாதபுரம் போயிருந்தபோது ஒரு புத்தகக் கடையில் செய்முறை வடிவியலுக்கென்று (கவராயம், ஸ்கேல் வைத்துப் படம் வரைகிற பகுதி) தனியாக ஒரு பயிற்சி ஏடு கண்ணில் பட்டது. விலை 120, மொத்தமாக எடுத்ததால் 105-க்குக் கொடுத்தார்கள். அட்டையில் ‘மாணவரின் புரிதலை மதிப்பிடும் 40 வினாக்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். பதிப்பகத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி ஏடுகள் நாலைந்து பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் இதே குறைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தாள் அருமை. கோடு போடாத, தடித்த வெள்ளைத் தாள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் சாதாரண நோட்டுத் தாள் சாயங்காலத்துக்குள் நமுத்துப் போய், கவராயத்தின் முள்ளை வைத்தாலே குழி விழுந்து கிழியும். இதில் ஒரே புள்ளியில் நாலு வில் போட்டாலும் தாள் தாங்குகிறது. சுருள் கம்பி பைண்டிங், அதனால் மேஜையில் பரப்பி வைக்கலாம், நடுவில் மேடு தட்டாது. ஒரு பக்கத்துக்கு ஒரு வினா, உதவிப்படத்துக்கு (வரையும் முன் கையால் போட்டுப் பார்க்கிற மாதிரிப் படம்) ஓரத்தில் தனிக் கட்டம். இதை யோசித்துச் செய்தவர் கட்டாயம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவராக இருக்க வேண்டும்.

இலவசமாக ஒரு கவராயம் வருகிறது. மூன்றே வாரத்தில் திருகு துருப்பிடித்துவிட்டது. பென்சில் பிடிக்கிற இடமும் லொடலொட. வட்டம் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்து சேரவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது அந்த ‘மதிப்பிடும்’ என்ற வார்த்தைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணக்குத் தாளில் 100 மதிப்பெண்ணில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இரண்டிலுமே ‘அல்லது’ உண்டு, கொடுத்த இரண்டு வினாவில் ஒன்றை எழுதினால் போதும். அதனால் இந்த 16-ஐ எல்லாரும் கைக்காசு மாதிரி நினைக்கிறோம். கணக்கே வராத பிள்ளைகூட இதை எடுத்துவிட்டால் பாஸ் பக்கத்தில் வந்துவிடும் என்று படிகளைத் திரும்பத் திரும்பப் போடவைக்கிறோம். நானும் அதைச் செய்கிறவள்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கையில் மனப்பாடம் ஆகிவிட்ட படத்துக்கும் புரிந்து வரைந்த படத்துக்கும் பார்வைக்கு வித்தியாசமே இருக்காது, அதைப் பிரித்துக் காட்டுகிற ஒரு கருவி கிடைத்தால் 120 என்ன, 200-ம் கொடுப்பேன்.

இந்த ஏடு என்ன செய்கிறது? உதவிப்படத்துக்கு 1, படத்துக்கு 5, கடைசியில் அளந்து எழுதும் விடைக்கு 2 என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கட்டம். கடைசிப் பக்கங்களில் விடைகள். அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60 டிகிரி, உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு வரும் நடுக்கோடு 6.5 செ.மீ., குத்துயரம் என்ன என்று ஒரு வினா. விடை 5.7 செ.மீ. என்று பின்னால் இருக்கிறது. முதல் வாரம் பத்துப் பேர் 5.7 எழுதியிருந்தார்கள். ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒருத்தன் படத்தில் 5.2, ஒரு பிள்ளை படத்தில் 6.1.

அதைவிடச் சுவாரசியம் ஒரு பையனின் மையக் குத்துக்கோடு, அதாவது அடிப்பக்கத்தைச் சரிபாதியாக வெட்டுகிற செங்குத்துக் கோடு. மேலேயும் கீழேயும் விற்கள் அழகாக வெட்டிக்கொண்டிருந்தன, கோடு நட்ட நடுவில். முழு மதிப்பெண் போடப் பேனாவை எடுத்துவிட்டேன், ஏதோ தோன்றித் தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தேன். கவராயத்தை வைத்து வரைந்திருந்தால் அடிப்பக்கத்தின் இரண்டு முனையிலும் முள் குத்திய புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒன்றுமே இல்லை. ஸ்கேலில் 4 செ.மீ. குறித்து, மூலைமட்டத்தை வைத்துக் கோடு இழுத்துவிட்டு, விற்களைக் கையாலேயே பிற்பாடு போட்டிருக்கிறான். கேட்டதற்கு, “எட்டுல பாதி நாலுதானே டீச்சர், எதுக்கு அம்புட்டுச் சுத்தணும்?” என்றான். கோபம் வரவில்லை, கேள்வி நியாயமானது! அவனிடமிருந்து ஸ்கேலை வாங்கி வைத்துக்கொண்டு, அளவு குறிக்காத ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்து, தாளில் நானே குறுக்காக ஒரு கோடு போட்டு, இதைச் சரிபாதியாக்கு என்றேன். கவராயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். “எவ்வளவு விரிக்கணும் டீச்சர்?” பாதிக்கு மேல் என்று புத்தகத்தில் இருப்பது எல்லாருக்கும் ஒப்பிக்க வரும். பாதிக்குக் கீழே எடுத்தால் இரண்டு வில்லும் சந்திக்கவே சந்திக்காது என்று 14 பேரில் மூன்று பேர்தான் சொன்னார்கள்.

ஏட்டின் 40 வினாவில் ‘ஏன்’ என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. மேலே சொன்ன நடுக்கோட்டு வினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தின் ஒரு முனையில் கீழ்நோக்கி 60 டிகிரியில் ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக இன்னொன்று, அது மையக் குத்துக்கோட்டைத் தொடுகிற இடம், முக்கோணத்தின் மூன்று முனையும் அமையப்போகிற வட்டத்தின் மையம். எல்லாப் பிள்ளையும் செய்கிறது. அந்த முதல் கோடு வரப்போகிற வட்டத்துக்குத் தொடுகோடு, தொடுகோட்டுக்கும் நாணுக்கும் (இங்கே அடிப்பக்கம்) இடையில் உள்ள கோணம்தான் நாணுக்கு எதிர்ப்பக்கத்து வட்டத்துண்டில் உச்சிக்கோணமாக வருகிறது, ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து என்பதால்தான் அடுத்த கோடு 90 டிகிரியில் போகிறது என்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை. சமையல் குறிப்பு மாதிரி கீழே 60, அப்புறம் 90 என்று போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேலை செய்தேன். அதே வினாவில் நடுக்கோட்டை மட்டும் 7.5 செ.மீ. என்று மாற்றிக் கொடுத்தேன். அப்படி ஒரு முக்கோணம் கிடையாது. இந்த வட்டத்தில் அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஆகத் தூரத்துப் புள்ளியே 6.9 செ.மீ. சொச்சத்தில்தான் இருக்கிறது, 7.5-க்கு விரித்த வில் வட்டத்துக்கு வெளியே காற்றில் போய்விடும். ஒன்பது பேர் எப்படியோ முக்கோணத்தை முடித்துக் குத்துயரமும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாலு பேர் கவராயம் லூசாக இருக்கிறது என்றார்கள் (அந்த இலவசக் கவராயத்துக்கு அது பொருந்தும்தான்). ஒரே ஒரு பிள்ளை, “இது வராது டீச்சர், எட்டல” என்று பென்சிலைக் கீழே வைத்தாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கிடைத்த தகவல் இந்த ஏட்டின் 40 கட்டங்களிலும் கிடைக்கவில்லை.

இன்னொன்று நானாகப் போட்ட வினா. தனுஷ்கோடியும் இலங்கையின் தலைமன்னாரும் இரண்டு புள்ளி, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர், 3 கிலோமீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்து 10 செ.மீ. கோடு. இரண்டு ஊருக்கும் எப்போதும் சம தூரத்திலேயே ஒரு படகு போக வேண்டும், அதன் பாதையை வரை. வழக்கமாக வாயே திறக்காத, அப்பா விசைப்படகில் போகிற ஒரு பையன் உடனே, “எல்லைக்கோடு மாதிரியா டீச்சர்?” என்றான். உண்மையான இந்திய-இலங்கைக் கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் குறித்த புள்ளிகளை இணைத்தது, இந்தப் படத்தில் வருகிற நேர்கோடு கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்றைக்கு அவன் இரண்டு முனையிலும் ஒரே ஆரத்தை வைத்தான். ஏன் மாற்றக் கூடாது என்றதற்கு, “மாத்துனா ஒரு கரைக்குக் கிட்டப் போயிருமே” என்றான். அந்தப் பதிலுக்கு இந்த ஏட்டில் கட்டம் இல்லை.

பாடப்புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் கோடு வழியாக, படங்களைத் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்கிற ஜியோஜீப்ரா மென்பொருளின் பக்கங்களுக்குப் போகலாம், காசு கிடையாது. அதில் ஒரு படத்தைப் பிள்ளையையே போடச் சொல்லி, முனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சரியாக அமைத்திருந்தால் மையக் குத்துக்கோடு கூடவே நகரும், கண்ணால் பார்த்து வைத்திருந்தால் படம் கலைந்துவிடும். தாளைத் திருப்பித் தடவுகிற வேலைகூட வேண்டாம். இந்த ஏடு அதைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷமும் வாங்குவேனா என்றால் வாங்குவேன், தாளுக்காக. தேர்வுக்கு வெறும் கைப்பழக்கம் வேண்டும் என்கிறவர்களும் தாராளமாக வாங்கலாம். விடைப் பக்கங்களை மட்டும் 14 ஏட்டிலிருந்தும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டேன். அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, 7.5 செ.மீ. மாதிரி வினாக்களை இப்போது அதில்தான் எழுதிக் கொடுக்கிறேன்.