டிஜிட்டல் முதலீடு பலன் தந்ததா? ஆலைக்கு ஏற்ற அளவுகோல் எது?

சென்சார், உற்பத்தி மென்பொருள், டேஷ்போர்டு என்று ஆலை பணம் போட்டாகிவிட்டது. பலன் கிடைத்ததா என்று சொல்ல மூன்று அளவுகோல்கள் அதிகம் புழங்குகின்றன: முதிர்ச்சிக் குறியீடு (டிஜிட்டலுக்கு ஆலை எவ்வளவு தயார் என்ற மதிப்பெண்), ஆர்ஓஐ (முதலீட்டின் மீதான ஆதாயம்), ஓஇஇ (இயந்திரத்தின் ஒட்டுமொத்தச் செயல்திறன்).

முதிர்ச்சிக் குறியீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியின் தொழில்நுட்ப அகாடமியான அகாடெக் 2017இல் வெளியிட்ட குறியீட்டில் 6 படிகள். சிங்கப்பூரின் ‘சிரி’ என்ற தொழில்துறைத் தயார்நிலைக் குறியீடு 16 கோணங்களில் மதிப்பெண் போடுகிறது. அடுத்து எதில் கைவைப்பது என்று திட்டமிட இரண்டும் உதவும். ஆனால் அவை பார்ப்பது ஆலையின் தயார்நிலையை. மதிப்பெண் ஏறியும் கழிவு குறையாமலே இருக்கலாம்.

ஆர்ஓஐ, போட்ட பணத்துக்கு வந்த ஆதாயம். நிர்வாகத்துக்கு உடனே புரியும். சிக்கல் காலக்கெடுவில்தான். கணினி எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987இல் எழுதினார். மின்மோட்டார் வந்தபோதும் இதே கதைதான் என்று 1990இல் பொருளாதார வரலாற்று அறிஞர் பால் டேவிட் காட்டினார்: நீராவி எஞ்சினுக்காகக் கட்டிய ஆலைகளின் அமைப்பையே மாற்றிய பிறகுதான் மின்சாரத்தின் முழுப் பலன் வந்தது, அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. ஓராண்டு ஆர்ஓஐயை வைத்துத் தீர்ப்பு எழுதினால் நல்ல திட்டமும் செத்துப்போகும்.

என் தேர்வு ஓஇஇ. ஓட வேண்டிய நேரத்தில் இயந்திரம் எவ்வளவு ஓடியது, எந்த வேகத்தில், எத்தனை நல்ல உருப்படி வந்தது என்ற மூன்று விகிதங்களின் பெருக்கல் அது. ஜப்பானின் செய்யிச்சி நகஜிமா வகுத்த கணக்கு. 90%, 95%, 99% என்றால் பெருக்கினால் ஏறக்குறைய 85%. பலரும் வைக்கும் இலக்கு அதுவே.

இதிலும் ஒரு பொறி உண்டு, பலர் விழுவது இங்கேதான். கையால் எழுதும் ஷிப்ட் பதிவேட்டில் இரண்டு நிமிட நிறுத்தங்கள் பெரும்பாலும் ஏறாது. சென்சார் ஒன்றையும் விடாது. ஆக, டிஜிட்டல் வந்த உடனே ஓஇஇ சரியும்! இயந்திரம் கெடவில்லை, பழைய எண்தான் பொய். அதனால் சென்சாரை மாட்டி, வேறு எதையும் மாற்றாமல் சில வாரம் ஓடவிட்டு, அந்த எண்ணையே தொடக்கமாகக் கொள்ள வேண்டும். முடிந்தால் அதே வகை உற்பத்தி லைன் ஒன்றைப் பழையபடியே வைத்து ஒப்பிடலாம். ஆர்டர் கூடியதால் வந்த முன்னேற்றத்தை மென்பொருளின் கணக்கில் எழுதாமல் தப்பிக்க இது நல்ல வழி.

அப்புறம், எல்லா இயந்திரத்துக்கும் சராசரி ஓஇஇ போடாதீர்கள். மொத்த லைனையும் தாமதப்படுத்தும் இயந்திரம் எதுவோ அதற்கு மட்டும் பாருங்கள். மற்றவை வேகமெடுத்தால் நடுவில் சரக்குதான் குவியும். அந்த ஓர் இயந்திரத்தில் கூடிய நல்ல உருப்படிகளைப் பணமாக்கிப் பார்த்தால், ஆர்ஓஐக்கும் நம்பத்தக்க எண் கிடைத்துவிடும்.