பாப் டிலன்: முதலில் எந்த ஆவணப்படம்?

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலனைத் திரை வழியாக அறிய விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு ஆவணப்படங்களுக்கு இடையே தடுமாறுகிறார்கள்: பென்னிபேக்கர் இயக்கி 1967-இல் வெளிவந்த ‘டோன்ட் லுக் பேக்’, மார்ட்டின் ஸ்கோர்செஸி 2005-இல் தந்த ‘நோ டைரக்‌ஷன் ஹோம்’.

நேரம்: முன்னது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பின்னது இரு பகுதிகளாக மூன்றரை மணி நேரத்தை நெருங்குகிறது.

புரிதல்: முன்னதில் பின்னணி விளக்கமே கிடையாது, 1965-ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பயணத்தில், விடுதி அறைகளிலும் மேடையோரத்திலும் கேமரா அவரைத் தொடர்கிறது. பின்னதில், மினசோட்டாவில் கழிந்த இளமை முதல் 1966 மோட்டார் சைக்கிள் விபத்து வரையிலான பாதையை டிலனே பேட்டியில் நினைவுகூர்கிறார்.

இசை: நாட்டார் பாடலிலிருந்து ராக் இசைக்கு அவர் மாறியதும், மான்செஸ்டர் அரங்கில் ஒருவர் ‘யூதாஸ்’ (துரோகி) என்று கத்த, இசைக்குழு முழு ஒலியில் முழங்கியதும் பின்னதில் உள்ளன. முன்னதில் கிட்டாரும் மவுத் ஆர்கனுமாகத் தனியே நிற்கிறார். ஆனால், பாடல் வரிகள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே எறியும் அதன் தொடக்கக் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை.

புதிதாக அறிமுகமாவோருக்கு ஸ்கோர்செஸியின் படமே ஏற்றது. பாடல்களை ஏற்கெனவே அறிந்து, 24 வயதை எட்டவிருந்த அந்த இளைஞரின் செருக்கையும் களைப்பையும் அருகிலிருந்து காண விரும்புவோர் பென்னிபேக்கரின் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.