கிராம்பு மொட்டுக்கு எது பக்குவம்: நாளா, மலரா, நிறமா?

மாறாமலை, கரும்பாறை போன்ற மலைத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கேற்ற சரக்கு அமைவது பெரும்பாலும் பறிக்கும் நாளைப் பொறுத்தது. அந்த நாளை முடிவு செய்ய மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நாள் கணக்கு. மொட்டு அரும்பிப் பறிப்புக்கு வர நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும் என்பதால், சென்ற ஆண்டு பறித்த வாரத்தையே இந்த ஆண்டும் குறித்து வைப்பவர்கள் உண்டு. இரண்டு மாதம் முன்பின் ஆகக்கூடிய ஒன்றைக் கொண்டு நாள் குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆள் பேசி வைக்க மட்டும் அது உதவும்.

இரண்டாவது, ஓரிரு பூ விரிந்ததும் மரம் முழுவதையும் ஒரே தடவையில் பறித்துவிடுவது. இதை எளிதில் குறை சொல்லிவிட முடியாது. கிராம்பு மரம் உயரமானது, கிளையோ சட்டென முறிந்துவிடும்; ஏணியை ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அடுத்த ஆண்டின் பூக்கும் கிளைகள் சில போய்விடக்கூடும். ஆனால் ஒரே கொத்தில்கூட மொட்டுகள் ஒன்றாக முற்றுவதில்லை. இளம்பச்சை மொட்டு காய்ந்தால் சுருங்கி எடை இழக்கிறது. விரிந்த மலரோ இதழ்கள் உதிர்ந்து, தலையில்லாத கிராம்பாகக் களத்தில் கிடக்கிறது.

மூன்றாவதான நிறத்தையே நான் நம்புகிறேன். கொத்து ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தால், பக்குவப்பட்ட மொட்டின் தண்டுப் பகுதியில் பச்சை மங்கி இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். நுனியில் நான்கு புல்லிகளுக்கு நடுவே இதழ்கள் மூடிய உருண்டை தடித்து, இன்னும் விரியாமல் இருக்கும். சிவப்பும் மூடிய தலையும் ஒருங்கே அமைந்திருக்கும் அந்தச் சில நாட்கள்தான் பறிப்புக்கு உரியவை. மேகம் மூடிய காலையில் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் இது பிடிபடாது. தாழ்ந்த கிளையை மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். இவ்வாறு பறித்த மொட்டு நான்கைந்து நாள் வெயிலில் காய்ந்து, மூன்றில் ஒரு பங்கு எடைக்கு வந்தபின், விரலிடையே ஒடித்தால் 'டக்'கென்று முறியும்.

நிறம் பார்த்துப் பறிக்கப் பல சுற்றுகள் ஏற வேண்டும் என்பதே இதிலுள்ள சிக்கல். இளமரங்களில் அது கட்டுப்படியாகும். முதிர்ந்த, உயர்ந்த மரங்களில் பாதிக்கு மேல் சிவந்ததும் முதல் சுற்று, பிறகு ஒரே ஒரு சுற்று என நிறுத்திக்கொள்வது நல்லது. அதன்பின் எட்டாத உச்சியில் எஞ்சும் சில கொத்துகள் பழுத்து விழட்டும். விதை விரைவில் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால், பொறுக்கிய கையோடு நாற்றுக்கு ஊன்றிவிட வேண்டும்.