ஆடாதோடை மணப்பாகு: வாங்கலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சில் கட்டிய சளி வெளியே வராமல் இழுத்து இழுத்து இருமுகிறவர்களுக்கு இது வாங்க வேண்டிய மருந்து. தொண்டை அரித்து வருகிற வறட்டு இருமலுக்கு எனக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை.

நாட்டு மருந்துக் கடையில் 200 மி.லி. பாட்டிலாக வாங்கினேன். ஆடாதோடை இலைச் சாற்றில் சர்க்கரை சேர்த்துப் பாகாகக் காய்ச்சுவதால் முதலில் நாக்கில் படுவது தித்திப்புதான், கசப்பு பின்னாலேயே வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், ஆனாலும் வெந்நீரில் கலந்தால் முகம் சுளித்தபடி விழுங்கிவிடலாம். ராத்திரி குடித்துப் படுத்தால் காலையில் சளி இளகி வருகிறது. மாயம் ஒன்றும் இல்லை, இலையில் வாசிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடியிலேயே உண்டாகும் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. இங்கிலீஷ் மருந்துக் கடையில் சளிக்குத் தருகிற புரோம்ஹெக்சின் அதை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான். கொரோனா சமயத்தில் ஊரே குடித்த கபசுரக் குடிநீரிலும் இந்த இலை உண்டு.

குறை என்றால் சர்க்கரை. சும்மா பெயருக்கு இல்லை, மூடி ஒட்டிக்கொண்டு திறக்கவே வராத அளவுக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு, சித்த மருத்துவரிடம் கேட்டு இலைக் கஷாயமாகக் குடிப்பது மேல். கர்ப்பிணிகள் இரண்டையுமே தொடக் கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை இதற்கு உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லையா, அப்புறம் மணப்பாகு எல்லாம் வேண்டாம், காசநோயா என்று பார்க்க அரசு மருத்துவமனையில் இலவசமாகவே சளிப் பரிசோதனை செய்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

இதே இலையின் பொடியையும் வேறொரு கடையில் வாங்கிப் பார்த்தேன், அது சுத்த வீண். பச்சை மங்கி வைக்கோல் நிறம், காம்பையும் குச்சியையும் சேர்த்து அரைத்த மாதிரி நரநரப்பு, பாக்கெட்டில் உரிம எண்ணும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. கேட்டால் "மூலிகைக்கு எதுக்கு சார் தேதி" என்கிறார் கடைக்காரர்!

கொல்லையில் கொஞ்சம் இடம் இருந்தால் பொடிக்குக் காசே கொடுக்க வேண்டாம். யார் வீட்டு வேலியிலாவது இந்தச் செடி வெள்ளைப் பூவோடு நிற்கும், ஒரு குச்சி ஒடித்து வந்து ஈரமண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். ஆடு மாடும் மேயாது.